ஞானராஜ் சாரும் அவருடைய ஜெர்மன் தாத்தாவும்

ஞானராஜ் சார் போய்விட்டார். நேற்றுக் காலை, சென்னையில்... மகள் கிரேஸ் போன் செய்து சொன்னாள்.

தொண்ணூறுகளில் கல்கத்தாவில், கரியாஹாட் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் எனக்கு அடுத்த மேஜை. தரங்கம்பாடிக்காரர். இரண்டு முறை பிரமோஷன் வந்தது. கல்கத்தாவை விட்டுப் போகவேண்டும் என்றதும் இரண்டையும் வேண்டாமென்றார்.

பிரமோஷனை மறுக்கும் மனிதரை எந்த அலுவலகமும் நம்பாது. நாங்களும் நம்பவில்லை.

கேட்டால் ஒரே பதில்: "எங்க தாத்தாவுக்குத் தாத்தா ஜெர்மன்காரர், தம்பி. பிரெடெரிக். கடிகாரம் ரிப்பேர் பண்றவர். கல்கத்தா வந்த இடத்துல காய்ச்சல்ல போயிட்டார். கல்லறையத் தேடுறேன்."

சாருடைய கறுப்பு என் கறுப்பைவிட இரண்டு பிடி அதிகம். ஜெர்மனி என்றதும் எனக்கு விசாதான் ஞாபகம் வந்தது; அதற்காகக் கட்டிய கதை என்று நினைத்தேன்.

எங்கள் கிளையிலேயே மூத்தவர் மித்ரா, வங்காளிகள் வழக்கப்படி எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். மித்ரா தாதாவுக்கு வேறு சந்தேகம். சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் சார் சாப்பிடாமல் கிளம்புவார். தாதா தன் வங்காள ஆங்கிலத்தில் சொல்வார்: "சுந்தரம், எழுதி வெச்சுக்கோ. அந்த ஜெர்மன் தாத்தா புடவை கட்டியிருப்பார்!"

ஒரு சனிக்கிழமை பின்தொடர்ந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது... ஆனால் போனேன். அவர் டிராமில் முதல் பெட்டி, நான் இரண்டாவது. முகத்துக்கு முன்னால் செய்தித்தாள்.

இறங்கியதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "செகண்ட் கிளாஸ்ல ஃபேன் இல்லையே தம்பி, வேர்த்திருக்குமே. வாங்க, வந்ததுதான் வந்தீங்க, பக்கம் பொரட்டக் கை வேணும்."

புடவை எதுவும் இல்லை. ஒரு பழைய தேவாலயத்தின் பதிவேட்டு அறை, கரையான், தும்மல்.

அங்கிருந்த கிளார்க் முதலில் கேட்டது, "டைட்டில்?" குடும்பப் பெயரைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்; வங்காளத்தில் டைட்டில் இல்லாதவன் பிறக்கவே இல்லை. சாரிடம் இருந்தது பிரெடெரிக் என்பது மட்டும். மகன் அதை இனிஷியலாக்கிக்கொண்டான். பேரன் தன் அப்பாவின் பெயரை இனிஷியலாக்கிக்கொண்டான். இரண்டே தலைமுறையில் ஜெர்மனி காலி.

எனவே எல்லா பிரெடெரிக்குகளையும் பார்க்கவேண்டியிருந்தது. சார் ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அடக்கப் பதிவேடுகள்.

அன்றிலிருந்து பல சனிக்கிழமைகள் நானும் போனேன். உதவி என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள், இந்த ஆள் எங்காவது மாட்டுவார் என்ற எதிர்பார்ப்பு.

மாட்டியது தாத்தா.

ஒருநாள் கிளார்க் தவறுதலாகத் திருமணப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். சும்மா புரட்டினேன். பிரெடெரிக், கடிகாரக்காரர், முன்பு தரங்கம்பாடிவாசி. மணமகனின் நிலை என்ற கட்டத்தில், "மணமாகாதவர்."

காய்ச்சலில் செத்ததாகச் சொல்லப்பட்ட வருடத்துக்கு நான்கு வருடம் கழித்து!

சார் இரண்டு முறை படித்தார். "பொண்டாட்டி செத்துட்டான்னாவது எழுதியிருக்கலாம்" என்றார்.

அவள் பெயர் ரெபேக்காள். கைக்குழந்தையோடு தரங்கம்பாடியில் காத்திருந்தவள். அன்றைக்கு உயிரோடுதான் இருந்தாள்.

ஊரில் சாருடைய அத்தை, எண்பது வயது, வருடாவருடம் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார். "கல்கத்தாவில் காய்ச்சலில் கர்த்தருக்குள் மரித்த பிரெடெரிக் நினைவாக" என்று ஐயர், அதாவது அந்தச் சர்ச்சின் பாதிரியார், பீடத்திலிருந்து வாசிப்பார். அத்தை முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாராம்.

சார் அன்றே அத்தைக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதினார். என்னிடம் காட்டினார். காய்ச்சல் உறுதியாகிவிட்டது, கல்லறையில் நல்ல நிழல்.

"தம்பி, இது உங்களுக்குத் தெரியாது. அத்தை இருக்கிற வரைக்கும்."

அடுத்த பிரமோஷனை வாங்கிக்கொண்டு சேலம் போனார். மித்ரா தாதா, "பார்த்தியா, அவ விட்டுட்டுப் போயிட்டா!" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை காலமாகிப் பல வருடமாகிறது என்பதால் இப்போது திறக்கிறேன்.

நேற்று கிரேஸ் கேட்டாள். "அங்கிள், அத்தைப்பாட்டி போனப்புறம் அந்தக் காணிக்கைய அப்பாதான் குடுத்தாங்க. ஆனா பேர மாத்திட்டாங்க. 'காத்திருந்த ரெபேக்காள் நினைவாக'ன்னு வாசிக்கச் சொல்வாங்க. ஏன்னு கேட்டா டிவி சத்தத்தக் கூட்டிடுவாங்க. உங்களுக்கு எதுவும் தெரியுமா?"

சொன்னேன். 

"அடுத்த வருஷம் நான் குடுக்கிறேன் அங்கிள்" என்றாள்.

போய்வாருங்கள் சார். இந்தமுறை உங்களைப் பின்தொடர்ந்து யாரும் வரவில்லை.