விஜி வீட்டுக் குதிரைப் பவுடர்

கொழுந்தன் வீட்டுக் குதிரையின் முதுகில் வெயில் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்த நாளிலிருந்து செல்லக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் புருஷன் சங்கரலிங்கத்தை முறைத்துக்கொண்டே வந்தாள். அவன் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கினான். அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

யாரோ ஒருவர் வீட்டுக் குதிரையாக இருந்தால் விட்டுத் தொலைக்கலாம். அது இவள் கொட்டகையில் நிற்கும் சிட்டு ஈன்ற குட்டி. மாமனார் போனபின் பாகம் பிரித்தபோது தாய்க்குதிரை மூத்தவனுக்கும், குட்டி வெள்ளி இளையவன் தங்கப்பாண்டியனுக்கும் வந்தன. இரண்டு வீட்டுக்கும் பிழைப்பு ஒன்றுதான்: மாப்பிள்ளை ஊர்வலம், சடங்கு வீடு, கோயில் கொடைத் திருவிழா. மாமனார் வகுத்த தீனியும் ஒன்றுதான். காலையில் ஒரு டப்பா கொள்ளு, சாயங்காலம் ஒரு டப்பா, மற்ற நேரத்துக்குப் புல்லும் வைக்கோலும். அப்படியிருக்க மகன் பளபளக்கிறான், தாய்க்கு விலா எலும்பு தெரிகிறது என்றால் என்ன அர்த்தம்?

அர்த்தத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள். தங்கப்பாண்டியன் மனைவி விஜியின் கொட்டகையில், குதிரைப் படம் போட்ட பெரிய பச்சை டப்பா ஒன்று இருந்தது. விஜி அதன்மேல் சாக்கை இழுத்து மூடியதையும் பார்த்தாள்.

“விஜி சத்துப் பவுடர் போடுதா. நம்மகிட்ட மூச்சு விட்டாளா, பாத்தீகளா?” என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

“ஏட்டி, அவ சேலை எடுத்தாலும் ஒனக்கு ஆகாது, குதிரைக்குப் பவுடர் போட்டாலும் ஆகாது.”

“பாய் வீட்டுக் கல்யாணம் அங்க போவட்டும். அப்பத் தெரியும் ஒங்களுக்கு.”

பயம் அதுதான். ராஜபாளையம் பிச்சை முகம்மது பாயின் மூத்த மகன்கள் இருவரும் சிட்டுவின் மேல்தான் மாப்பிள்ளையாகப் போனார்கள். கடைசி மகன் இம்ரானுக்கு இரண்டு மாதத்தில் நிக்காஹ். போன வாரம் வந்த பாய், “குதிரை இளைச்ச மாதிரி தெரியுதேம்மா, அடுத்த மாசம் இன்னொருக்க வந்து பாக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மறுநாளே மாட்டு டாக்டர் இம்மானுவேலை வரவழைத்தாள். பவுடர் பேரை எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள். அவர் குதிரையின் பல்லைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சாணத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் கழித்து வந்தார்.

“பல்லு நல்லாருக்கு, புழுவும் இல்ல. கொள்ளு எம்புட்டு வைக்கிய?”

“ஒரு வேளைக்கு ஒரு டப்பா.”

“ஒரு டப்பான்னா எம்புட்டு?”

“டப்பான்னா டப்பாதான் சார்.”

“கிலோக் கணக்குல கேக்கேம்மா.”

அவள் கொண்டுவந்து காட்டினாள். மாமனாரின் தகர டப்பா துருப்பிடித்து ஓட்டை விழுந்தபின், பக்கத்து வீட்டில் தூக்கிப்போட்ட பால்பவுடர் டப்பாவில்தான் அளந்துகொண்டிருந்தாள். டாக்டர் அதை நிரப்பித் தராசில் தொங்கவிட்டார். அறுநூற்றைம்பது கிராம்.

“ஊர்வலம் போற குதிரைக்கு இது பத்தாது. புல்லும் கொறச்சல். மொதல்ல வயித்துக்குப் போடுங்க. திடீர்னு கூட்டாதிய, வயித்து வலி வந்துரும். கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க. நக்க உப்புக்கட்டி கட்டி விடுங்க. பவுடர் இப்போதைக்கு வேண்டாம்.”

செல்லக்கனி நம்பவில்லை. அங்கேயும் ஒரு டப்பாதானே? மானத்தை விட்டு விஜிக்கு போன் போட்டாள்.

“ஏட்டி விஜி, அந்தப் பச்ச டப்பாவுல என்ன பவுடர் வச்சிருக்க?”

“பவுடரா? அது யாரோ தந்த காலி டப்பாக்கா. மாமா சொன்ன மாதிரி அதுல ஒண்ணு காலையில, ஒண்ணு சாயங்காலம் கொள்ளு அளக்கேன். எலி வாய வைக்கின்னு சாக்கப் போட்டு மூடிருக்கேன். ஏன்க்கா கேக்கிய?”

“சும்மாதான்.”

அந்தப் பச்சை டப்பாவில் தன் டப்பாவைப் போல இரண்டு மடங்கு பிடிக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. மாமனாரின் தகர டப்பா போன நாளிலிருந்து இரண்டு வீட்டிலும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு தீனி வைத்திருக்கிறார்கள். விஜி கள்ளத்தனம் பண்ணியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஆள் கிடைத்திருப்பாள்.

வைராக்கியமாக டாக்டர் சொன்னபடியே செய்தாள். கொள்ளைக் கைப்பிடி கைப்பிடியாக ஏற்றினாள். வாய்க்கால் ஓரம் புல்லறுக்கத் தானே போனாள். அடுத்த மாதம் பாய் வந்தபோது சிட்டுவின் விலா மூடத் தொடங்கியிருந்தது. ரோமம் மட்டும் இன்னும் மங்கல்தான்.

பாய் சுற்றி வந்து பார்த்தார். “சரிம்மா, இதையே பேசிருவோம்.”

“ராஜபாளையத்துக் குதிரையப் பாத்தியளா பாய்?” என்று கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

“பாத்தேன். பளபளன்னு கண்ணாடி கணக்கா நிக்கி. ஆனா பேண்டு சத்தத்துக்கு மெரளுதாம்மா. எம் மவன் கீழ விழாம வீடு வந்து சேரணும்லா?”

பாய் போனதும் சங்கரலிங்கம் சிரித்தான். “கெடச்சிட்டுல்ல? பொறவு ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?”

“கண்ணாடி கணக்காவாம்,” என்றாள் செல்லக்கனி. “நம்ம சிட்டுவ அப்படி ஒரு வார்த்தை சொன்னாரா அந்த மனுசன்?”