பௌதிகவியலுக்கு வராத நாள்

இலங்கையில் போர் முடிந்த அந்த வருடம் எனக்குப் பதினொரு வயது. டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் எங்கள் வீட்டில் டேனிஷில் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஒரே ஆள் நான்தான். பல்வைத்தியருக்கு, வீட்டுக்காரருக்கு, கொம்யூன் என்கிற நகரசபைக்கு என்று எல்லாருக்கும் பதில் எழுதுகிற உத்தியோகம் எனக்கு. சம்பளம் கடிதத்துக்கு ஒரு உப்பு லக்ரிட்ஸ் மிட்டாய்.

அந்த மார்ச்சில் வந்த வேலை பெரியது. அம்மாவின் தங்கை, என் சித்தி, தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். சித்தி கலியாணம் செய்து வன்னியிலிருந்து வந்து மூன்று வருடம். எங்களுக்கு மேல்மாடியில்தான் வீடு. சித்தப்பா லொறி எடுத்துக்கொண்டு போனால் மூன்று நாளைக்கு வரமாட்டார். அதனால் சித்தி பெரும்பாலும் எங்கள் சமையலறையில்தான் இருப்பார். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, பின்னேரம் வளர்ந்தவர்களுக்கான பள்ளி. அங்கே எடுத்த பாடமெல்லாம் தேறிவிட்டார். விண்ணப்பம் மளமளவென்று நிரம்பியது. பல்கலைக்கழகம் போக ஊரில் எழுதிய ஏ.எல். பரீட்சை முடிவைச் சேர்ப்பதா விடுவதா என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது.

அந்தத் தாளில் உயிரியலுக்கு ஏ. இரசாயனவியலுக்கு பி. பௌதிகவியலுக்கு நேரே மட்டும், பரீட்சைக்கு வரவில்லை என்று போட்டிருந்தது.

சேர்க்கவே கூடாது என்றார் அப்பா. அகதியாக வந்து இறங்கிய நாட்களில் பொலிஸ் விசாரணையில் இருந்து இருந்து அவர் படித்த படிப்பு அது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். கேளாத தாளை நீட்டினால் அது பத்துக் கேள்வியைக் கூட்டிக்கொண்டு வரும். "தாளுக்கு வாய் குடுக்காதேங்கோ" என்பார். எனக்கு நூலக அட்டை எடுக்கப் போனபோதுகூட இதைத்தான் சொன்னார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எங்கட ஊரில் ஏ.எல். முடிவு என்றால் தெருவால் போகிற ஆளும் மறித்துக் கேட்கும், எடுத்த ஏயை ஒளித்துவைக்கிற சனத்தை இப்போதுதான் காண்கிறேன் என்று சொல்லிச் சட்டியை அடுப்பில் ஓங்கி வைத்தார். அம்மாவின் கோபம் பாதி வாயால் வரும், பாதி சட்டியால் வரும்.

சித்தி இரண்டு பேருக்கும் ஓம் ஓம் என்றார். தாளை உறைக்குள் வைப்பார், வெளியே எடுப்பார், திரும்ப வைப்பார். இருபத்தேழு வயது, இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். கடைசி நாளுக்கு முதல்நாள், வைக்கிறன் என்றார். ஏன் என்று அப்பா கேட்டார்.

"நான் படிச்சது உண்மைதானே, அத்தான்."

அந்தப் பரீட்சை விவரங்களையும் டேனிஷில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அடியில் வேறு குறிப்புகள் என்று ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. என் பள்ளியில் ஒருநாள் வராவிட்டால் வீட்டிலிருந்து காரணம் எழுதிக் கொடுக்கவேண்டும். சித்திக்கு ஊரில் அப்படி ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லைப்போல என்று எனக்கு மனவருத்தமாக இருந்தது. ஆகவே நீச்சல் பாடத்துக்குப் போகப் பிடிக்காத நாட்களில் எனக்குக் கைகொடுத்த காரணத்தையே சித்திக்கும் கொடுத்தேன். பௌதிகவியல் அன்று அவருக்கு வயிற்று நோவு என்று அழகாக எழுதிவிட்டேன்.

கையெழுத்துப் போடமுதல் சித்தி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான். காரணம் எழுதாட்டி டீச்சர் நம்பமாட்டா."

அப்பா கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் குடுத்தாச்சு, இனி எல்லாரையும் பிளேன் ஏத்தி விடப்போறாங்கள் என்று பதறி, பூசி அழிக்கிற வெள்ளை மையைத் தேடினார். சித்தி தாளின்மேல் கையை வைத்தார்.

"விடுங்கோ அத்தான். பொய் இல்லை. அண்டைக்கு வயிறுதான் நொந்தது."

அம்மா திரும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கழுவ ஒரு கோப்பைகூட இருக்கவில்லை. நான் சரியாக ஊகித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அன்று சம்பளமாக இரண்டு மிட்டாய் கேட்டு வாங்கினேன்.

நடந்தது என்ன என்று அம்மா எனக்குச் சொன்னது, நான் வளர்ந்து என் சொந்த விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்த காலத்தில். பௌதிகவியல் பரீட்சை அன்று விடிய, சித்தியின் பதினாறு வயதுத் தம்பி ஒருவருக்கும் சொல்லாமல் இயக்கத்துக்குப் போய்விட்டிருந்தான். சித்தி பள்ளிச் சீருடையோடு, பேனையும் அடிமட்டமும் கையில் இருக்க, சைக்கிளைப் பரீட்சை மண்டபத்துக்கு விடாமல் முகாம் வாசலுக்கு விட்டார். பொழுதுபடும் வரைக்கும் அங்கேயே நின்றார். தம்பி வெளியே வரவில்லை. அந்தத் தம்பிதான் நான் படத்தில் மட்டும் கண்ட என் சின்னமாமா.

விண்ணப்பித்த அந்த வருடம் ஜூலைக் கடைசியில் சித்திக்கு இடம் கிடைத்தது. அந்தத் தாள் உதவியதா என்று ஒருவருக்கும் தெரியாது. அதைச் சேர்த்தும் கிடைத்துவிட்டதே என்றுதான் அப்பா இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறார்.

ஆனால் அதற்கு முதல், போர் முடிந்த மே மாதம் வந்தது. வன்னியிலிருந்து கனநாளாக ஒரு அழைப்பும் இல்லை. சித்தி கைத்தொலைபேசியை வேலை உடுப்பின் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஒருநாள் காலை அது அடித்தது. யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சித்தி வேலைக்குப் போகாமல், சின்னமாமாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வயித்து நோவோ, சித்தி?"

முகத்தைத் திருப்பாமலே, "ஓம், குஞ்சு" என்றார்.

அப்படியென்றால் வேலையிடத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேனையை எடுத்துத் தந்து, எழுது என்றார். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து அதே வசனத்தை எழுதினேன். இரண்டாம் முறை என்பதால் யோசிக்கவே தேவைப்படவில்லை. வேலைக்குப் போகிற வழியில் கொடுப்பதற்காக அப்பா அதை வாங்கினார். இந்த முறை வெள்ளை மையைத் தேடாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அடியில் நானாகவே ஒரு வரி சேர்த்திருந்தேன். நாளைக்குச் சுகமாகிவிடும் என்று.