பக்கத்து ஊட்டு நாற்காலி

எனக்குக் கோபம் வந்தா ஒரு எடத்துல நிக்க முடியாது. நடந்துட்டே இருப்பேன், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். அன்னைக்கு நடக்கவும் எடமில்லை. பக்கத்து ஊட்டு அக்காவோட பிளாஸ்டிக் சேர் அத்தனையும் எங்க ஊட்ல கெடந்துச்சு.

வெண்ணந்தூர்ப் பக்கம் சிமெண்ட் அட்டை போட்ட ஒத்தை ரூம்தான் எங்க ஊடு. நானும் அம்மாவும் மட்டும். நான் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போறேன். அட்டை பூரா விரிசல். மழை வந்தா சட்டி, குண்டான், வாளின்னு கையில கெடைச்சதையெல்லாம் ஒழுகற எடத்துல வைப்போம். அந்த ஈரத்துக்கு அம்மாவுக்கு வீசிங் வந்துரும், படுக்க முடியாம உக்காந்தே மூச்சு வாங்கும். கூரையை மாத்தாம மருந்தை மாத்தி என்ன பிரயோசனம்னு டாக்டரே சலிச்சுக்கிட்டார்.

அப்பத்தான் வெளிநாட்டுல இருந்து ஒரு அம்மா வரப்போறதாச் சேதி வந்துச்சு. இல்லாதப்பட்டவங்க எப்படி வாழறாங்க, எது இருந்தா நல்லா இருப்பாங்கன்னு ஊடு ஊடாப் போய்க் கேப்பாங்களாம். ரொம்ப முடியாதவங்களுக்குக் கூரை மாத்தித் தருவாங்களாம். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு வேலையே ஓடல. நெனைப்பு எங்கியோ போய் முட்டையா ஒடைச்சு, சூப்பர்வைசர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அவங்க வர்ற அன்னைக்கு லீவு சொல்லிட்டு ஊட்டுக்கு வந்து பாத்தா, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அக்கா ஊட்டுச் சேர், அக்கா ஊட்டு டேபிள் ஃபேன், அக்கா மகளுக்குச் சீருக்கு வெச்சிருந்த சில்வர் டம்ளர். செவுத்துல ஈரம் ஏறின எடத்தை மறைச்சுப் பூப்போட்ட பெட்ஷீட் தொங்குது. அதுவும் அக்காவோடதுதான். எங்க சட்டியும் குண்டானும் கொல்லையில கவுந்து கெடக்குது.

"ஏம்மா, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அவங்க பாக்க வர்றதே அதைத்தானே."

"ஊட்டுக்கு மனுசங்க வர்றாங்க கண்ணு. ஓட்டையையும் ஒடைசலையுமா காட்டறது?"

பெட்ஷீட்டைப் புடிச்சு இழுக்கப் போனேன். அதுக்குள்ள வாசல்ல ஆள் வந்துருச்சு. அம்மா கையைக் கூப்பிக்கிட்டு, "வாங்க, வாங்க, உக்காருங்க"ன்னு ஓடுச்சு.

வெளிநாட்டம்மா கேக்கறதைக் கூட வந்த பொண்ணு தமிழ்ல சொல்லுச்சு. மழைக்கு ஒழுகுமாங்கன்னு கேட்டுச்சு.

"மழைன்னா எந்த ஊட்லதானுங்க ஒழுகல?"ன்னு அம்மா சிரிச்சுச்சு.

"எது இருந்தா நல்லா இருப்போம்னு நெனைக்கறீங்க?"

அம்மா யோசிச்சுத்தான் சொல்லுச்சு. "நாலு பேரு வந்தா உக்கார வெச்சு ஒரு வாய் காப்பி குடுக்கோணும். அதுக்கு மேல என்னங்க வேணும்?"

ஃபேன் காத்துல உக்காந்து காப்பி குடிச்சுட்டே அந்தம்மா தலையாட்டினாங்க. நான் கதவோரமா நின்னு பல்லைக் கடிச்சேன். வாயைத் தெறக்கலாம்னா அம்மா என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

அடுத்து அக்கா ஊட்டுக்குப் போனாங்க. அங்க என்ன இருக்கும்? எல்லாந்தான் எங்க ஊட்ல இருக்குதே. அக்கா தரையில பாயை விரிச்சு, சொம்புல தண்ணி குடுத்துச்சாம். கூரை அக்காவுக்கு வந்துச்சு.

"இது உங்களுக்கு வந்திருக்கோணும் சாமி"ன்னு அக்கா அழாத கொறையா வந்து நின்னுச்சு. அக்கா ஊட்டு அட்டையும் ஒடைஞ்சதுதான். அக்கா மேல கோபப்பட நியாயமில்லை. நியாயமில்லைங்கறதே எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. "யாருக்கோ ஒருத்தருக்கு வந்துச்சில்ல, உடு கண்ணு"ன்னு அம்மா சொன்னப்ப சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன்.

ஐப்பசியில மழை புடிச்சுக்கிச்சு, அம்மாவுக்கு இழுப்பும் வந்துருச்சு. மருந்தை உறிஞ்சியும் அடங்கல. அக்காதான் நனைஞ்சுக்கிட்டு வந்து, அம்மாவைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்த் தன்னோட புதுக் கூரைக்குக் கீழ சேர்ல உக்கார வெச்சுச்சு. நான் அம்மா முதுகைத் தேச்சு உட்டுட்டு இருந்தேன். அன்னைக்குன்னு பாத்து, கூரை எப்படி இருக்குதுன்னு பாக்க அந்தம்மாவும் அந்தப் பொண்ணும் வந்தாங்க.

"நல்லா இருக்கீங்களாம்மா?"ன்னு பொண்ணு கேட்டுச்சு.

மூச்சை இழுத்து இழுத்து, "நல்லா இருக்கறனுங்க"ன்னு அம்மா சொல்லுச்சு.

"இல்லீங்க. நல்லா இல்லைங்க"ன்னேன். "நீங்க உக்காந்த சேரு, ஃபேனு, காப்பி குடிச்ச டம்ளரு, எதுவுமே எங்களுது இல்லைங்க. அன்னைக்குத் தொங்கவிட்ட பெட்ஷீட்டுக்குப் பின்னாடி செவுரு ஊறிப் போய்க் கெடக்குது. அந்த ஈரந்தான் எங்கம்மாவை இப்படிப் பண்ணுது. வந்து பாருங்க."

அம்மா தலையைத் தொங்கப் போட்டுருச்சு. நாலு பேருக்கு முன்னால பெத்தவளை நானே அவமானப்படுத்தறேன்னு தெரியுது, ஆனா வாயை மூட முடியல.

பொண்ணு எடுத்துச் சொல்லவும் அந்தம்மா மொகம் மாறிருச்சு. உங்க ஊட்டைப் பாக்கலாமான்னு கேட்டாங்க. அம்மா பொசுக்குன்னு எந்திரிச்சு, அவங்க செருப்பைத் தேடிப் போடறதுக்குள்ள வெளிய போயிருச்சு. சட்டியை ஒளிக்கத்தான் ஓடுதுன்னு நெனைச்சு நானும் பின்னாடியே ஓடினேன்.

சட்டி, குண்டான், வாளி எல்லாம் வெச்ச எடத்துலயே இருந்துச்சு, சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுந்துட்டு. அம்மா எதையும் தொடல. அக்கா ஊட்டுத் திண்ணையில கெடந்த சேர்ல ஒண்ணைத் தூக்கிட்டு வந்து, ஒழுகாத ஒரே மூலையில போட்டுச் சேலைத் தலைப்புல தொடைச்சுட்டு இருந்துச்சு. அவங்க உள்ள வந்ததும் நனைஞ்ச செவுத்துல ஒரு கையை ஊனிக்கிட்டு, மூச்சு வாங்க வாங்க, "உக்காருங்க சாமி"ன்னுச்சு.