துடைத்து வைத்த பைக்குக்குத் திறப்பில்லை

கராஜில் வேலை பழகுகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். திறப்பில்லாத, அதாவது சாவியில்லாத, பைக்கை ஓட வைப்பது பெரிய வித்தையில்லை. சுவிட்ச், ஹாண்டில் லொக், டாங்கி மூடி, இந்த மூன்றையும் கழற்றி மாற்றினால் சரி. கற்பிட்டியில் முடி நரைக்கும்வரை ஸ்பெனர் பிடித்த எனக்கு அது கைப்பழக்கம். ஆனால் அப்படி ஓட வைத்த ஒரு பைக்கை நினைத்தால் இப்பவும் மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

எத்தாளையிலிருந்து அன்ரன் அதை லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி வந்தான். முப்பது வயது இருக்கும், வலது காலை லேசாக இழுத்து நடப்பான். ஹாண்டில் இடப்பக்கம் லொக் விழுந்து கிடந்ததால் உருட்ட முடியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கொட்டிலில் கிடந்த பைக். திறப்பு எங்கே என்று கேட்டேன்.

"தொலஞ்சி போச்சி நானா."

சரி, தொலைந்தால் தொலையட்டும் என்று குந்தினேன். பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது. எங்கள் உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் விட்டால் ஸ்போக் கம்பி அப்பளமாக நொறுங்கும். இதில் செயினுக்கு கிறீஸ் பூசி, டாங்கியில் பெட்ரோலை வடித்து, டயர் தரையில் படாமல் பலகை கொடுத்து, மேலே சாக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். யாரப்பா இந்தப் புண்ணியவாளன் என்று கேட்டேன். அம்மா என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இவ்வளவு கவனமான மனுசி திறப்பை மட்டும் தொலைப்பாளா? அந்தக் கேள்வி அப்போது எனக்கு வந்திருக்க வேண்டும். என் புத்தி முழுக்க இஞ்சினுக்குள் இருந்தது.

பிளக்கைக் கழற்றி உள்ளே டீசல் ஊற்றி ஊற வைத்தேன். லுஹர் தொழுதுவிட்டு வந்து கிக்கரை அமத்தினால் பிஸ்டன் இளகிவிட்டது. ஹாண்டில் லொக்கை ட்ரில் போட்டு எடுத்தேன். காபரேட்டரைக் கழுவி, புது லொக் செட் பூட்டி உதைத்ததும் பிடித்துக்கொண்டது. அன்ரன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். ஹொட்டேலில் வேலை கிடைத்திருக்கிறதாம், அந்த நேரத்துக்கு பஸ் இல்லையாம். அல்ஹம்துலில்லாஹ் என்று அனுப்பி வைத்தேன்.

அடுத்த கிழமை அவனுடைய தாய் பஸ்ஸில் வந்து இறங்கினா. நன்றி சொல்லத்தான் வருகிறா என்று நினைத்து, மடையன் நான், குடிக்க பிளேன்டி கொண்டுவரச் சொன்னேன். அவ கதிரையில் உட்காரவில்லை.

"திறப்பு தொலையல்ல நானா. அன்னம்மா கோயில் காணிக்கைப் பெட்டிக்குள்ள நான்தான் போட்டேன்."

இந்த பைக்கில் போய் மீன் லொறியில் அடிபட்டு அன்ரன் நினைவில்லாமல் கிடந்தபோது அந்த வேதக் கோயிலில் நேர்ந்த நேர்த்தி அது. பிள்ளை பிழைத்தால் இந்த பைக் இனி ஓடாது. பிள்ளை பிழைத்தான். இன்னொரு தாயின் பிள்ளைக்கு அதை விற்கவும் அவவுக்கு மனம் வரவில்லை. அன்னம்மாவுக்குக் கொடுத்த சாமான் என்று வருஷக்கணக்காகத் துடைத்து வைத்திருந்தா. இப்போது மகளின் பிள்ளைப்பேற்றுக்குச் சிலாபத்துக்குப் போன நேரம் பார்த்து அவன் தூக்கி வந்துவிட்டான். அவனையும் முழுக்கப் பிழை சொல்ல ஏலாது, வயிற்றுப்பாடு.

அவ ஏசவில்லை. போகப் புறப்பட்டு, திரும்பி நின்று கேட்டா.

"பிறேக் நல்லாப் பிடிக்குமா நானா? இவ்வளவு நாளும் அவனை அன்னம்மா பாத்தா. இனி நான் ஒங்கட பிறேக்கத்தானே நம்பணும்."

அதனால்தான் சொல்கிறேன், திறப்பில்லாத பைக் வந்தால் பிளக்கில் கை வைக்க முதல் வீட்டாரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மாதத்துக்கு ஒரு தரம் அன்ரனைக் கூப்பிட்டு பிறேக் ஷூவைக் கழற்றிப் பார்த்துப் பூட்டுகிறேன். எத்தாளைப் பக்கம் போனால் அவ வேலியடியில் ரோட்டைப் பார்த்தபடி நிற்பா. "பாத்தீங்களா நானா?" என்பா. பார்த்தேன் அக்கா என்பேன்.