நினைக்க மாட்டேன் என்று எழுதித் தர முடியாது

வினார்சியின் மேசையை இரண்டு முறை இடம் மாற்றினார்கள். முதலில் சன்னலோரம் இருந்தது. பிறகு சன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டார்கள். கடைசியில் சிரப் பெட்டிகளுக்கும் ஊசிப் பெட்டிகளுக்கும் நடுவே, சுவரைப் பார்த்து. அங்கேயும் தலையைத் தூக்காமலே சொல்வாள், "சுராபாயா வண்டி. இன்னைக்கு ஏழு நிமிஷம் லேட்டு." சற்று நேரத்தில் வாசலில் அந்த வண்டிதான் போகும். தன் குறிப்பேட்டில் அதற்கு ஒரு வரி எழுதிக்கொள்வாள்.

எங்கள் மருந்துக் கிடங்கு ரெம்பாங் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. பின்னால் உப்பளம், முன்னால் கடலோர நெடுஞ்சாலை. ஜகார்த்தாவிலிருந்து வரும் பஸ்ஸும் சுராபாயாவிலிருந்து வரும் பஸ்ஸும் எங்கள் வாசல் தூசியைக் கிளப்பிக்கொண்டுதான் போயாக வேண்டும். சுற்றுவட்டாரத்துச் சுகாதார நிலையங்களுக்கு இங்கிருந்து பெட்டிகள் போகின்றன. ஒரு பெட்டி வெளியே போகுமுன் அதிலுள்ள மருந்தின் பெயர், பேட்ச் எண், போகிற ஊர் மூன்றையும் பதிவேட்டில் எழுதுவது வினார்சியின் வேலை. அவள் எழுதியதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இதே சாலையில் ஒரு பஞ்சர் கடையில் வளர்ந்தவள். எழுத்துக் கூட்டக் கற்றதே பஸ்களின் முதுகைப் படித்துத்தான் என்பாள். பஸ் பைத்தியம் எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ஹாரன் அடிக்கச் சொல்லிப் பையன்கள் சாலையோரம் கை ஆட்டுவார்கள். மீசை நரைத்தவர்கள்கூடச் சங்கம் வைத்து ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு திரிவார்கள். வினார்சி எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. அவர்கள் பஸ்ஸைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், தன்னால் அப்படிப் போக முடியவில்லை என்று ஒருமுறை சொன்னாள்.

அது என்ன மாதிரி என்று கேட்கத் தைரியம் வர எனக்கு நாலு மாதம் ஆனது. அவள் யோசித்துப் பதில் சொன்னாள். சத்தம் காதில் விழும். உடனே எந்தப் பணிமனையில் பாடி கட்டியது, எந்த வருடத்து எஞ்சின், போன வாரம் இதே நேரம் யார் ஓட்டினார், ஒவ்வொன்றாகக் கதவு திறக்கும். உள்ளே வெளிச்சமாக இருக்கும். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வெளியே வருவதுதான் கஷ்டம். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தூங்குகிறவன் மேல் தண்ணீர் ஊற்றியது போல இருக்கும். எந்தக் கதவு வழியாக வந்தோம் என்பதே மறந்துவிடும்.

லாரியில் சரக்கு ஏற்றும் பிரிஹாதி இதையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. அவள் பேனா நின்றுவிட்டால் முகத்துக்கு நேரே இரண்டு முறை கை தட்டி, "இறங்குங்க ம்பாக், டெர்மினல் வந்துருச்சு" என்பான். எங்கள் ஊரில் அக்கா முறை உள்ளவரை ம்பாக் என்போம். மரியாதைச் சொல்தான், அவன் வாயில் மட்டும் வேறு மாதிரி ஒலிக்கும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இதற்கு முன் அவளுக்கு இரண்டு வேலைகள் போயிருந்தன. செமாராங்கில் தையல் ஆலை ஒன்று. அப்புறம் கைபேசிக் கடை. இரண்டும் சாலையோரம். இது மூன்றாவது. ஆறு மாத ஒப்பந்தம், மே மாதம் முடிகிறது.

மார்ச்சில் அந்தத் தவறு நடந்தது. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பில் ஒரு பேட்சைத் திருப்பி அனுப்பச் சொல்லி உற்பத்தியாளரிடமிருந்து கடிதம் வந்தது. அடியில் மாவு போல ஏதோ படிகிறதாம். எங்களுக்கு வந்தது பன்னிரண்டு பெட்டி. எந்த ஊருக்குப் போயின என்று பதிவேட்டைப் புரட்டினால் அந்த எண்ணே இல்லை. அந்த மருந்தின் வரிசையில், அன்றைய தேதியில், எல் 7482 என்று வேறொரு எண் இருந்தது. அப்படியொரு பேட்ச் தாங்கள் தயாரிக்கவே இல்லை என்றார்கள் உற்பத்தியாளர்கள். எந்த ஊர் என்ற கட்டமும் காலி.

கிடங்குப் பொறுப்பாளர் பாக் சுகெங் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். பாக் என்றால் ஐயா. அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது பேட்ச் நம்பர் இல்ல, பாக். பஸ் நம்பர். அன்னைக்கு ஒன்பதே கால் வண்டி."

மழுப்பியிருக்கலாம். கை தவறிவிட்டது என்றிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டு நாள் பத்தொன்பது சுகாதார நிலையங்களுக்குப் போன் போட்டோம். பன்னிரண்டு பெட்டியும் கிடைத்தன. ஒன்றில் மட்டும் மூன்று பாட்டில் குறைந்தது; வாங்கிப்போன வீடுகளைத் தேடி மருத்துவத் தாதி மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வந்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு நாளும் வினார்சி சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அந்த மூன்று வீட்டு முகவரியையும் வாங்கி, தானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

பாக் சுகெங் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்தாத மனிதர். எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: உறுதிமொழிக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து, அடியில் பத்தாயிரம் ரூபியா ஸ்டாம்ப் ஒட்டி எடுத்து வந்தார். எங்கள் நாட்டில் சறுக்கியவன் எல்லாரும் ஒருநாள் அந்த ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டாக வேண்டும். சிகரெட்டோடு பிடிபட்ட மாணவன், சூதாடிய கணவன், பக்கத்து வீட்டு மாமரத்தை வெட்டியவன். பிரிஹாதி தாமதமாக வந்ததற்கு மூன்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அன்றும் தாமதமாகத்தான் வந்தான்.

கடிதம் இதுதான்: வேலை நேரத்தில் பஸ்களைப் பார்க்கவோ கேட்கவோ நினைக்கவோ மாட்டேன். என் குறிப்பேட்டை ஒப்படைக்கிறேன். மீறினால் வேலையை விட்டு நீக்கச் சம்மதம்.

வினார்சி இரண்டு முறை படித்தாள்.

"பாக்க மாட்டேன்னு வேணா எழுதலாம். கேக்க மாட்டேன்னு எப்படி எழுதறது? காதுக்கு மூடி இல்லையே, பாக்."

"அது ஒரு வழக்கத்துக்கு எழுதறதும்மா."

"நினைக்க மாட்டேன்னு எழுதினா பொய். நாளைக்குக் காலையிலேயே நான் பொய் சொன்னவளாயிடுவேன்."

பிரிஹாதி அவள் காதருகே குனிந்தான். "போட்டுத் தொலைங்க ம்பாக். உங்க மண்டைக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலன்னா ஸ்டாம்ப் எதுக்கு?"

பாக் சுகெங் வெள்ளிக்கிழமை வரை யோசிக்கச் சொல்லி, குறிப்பேட்டை மட்டும் எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கையெழுத்து இல்லையென்றால் மே மாத ஒப்பந்தத்தைப் பற்றி செமாராங் தலைமையகத்திடம் பேசத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னார்.

அந்த நாலு நாளும் அவள் பட்ட பாடு. குறிப்பேடு இருந்தபோது ஒரு வரி எழுதிவிட்டு மூடுவாள். வண்டி காகிதத்தில் நின்றுவிடும். இப்போது நிற்க இடமில்லாமல் எல்லா வண்டியும் தலைக்குள்ளேயே சுற்றின. ஒவ்வொரு பேட்ச் எண்ணையும் நாலு தடவை சரிபார்த்தாள். தவறு இல்லை, ஆனால் பாதி வேலைகூட ஓடவில்லை. லாரிகள் காத்து நின்றன. பிரிஹாதி தட்டிய தட்டில் ஒருமுறை பேனாவைச் சுவரில் வீசி எறிந்தாள். அதன் பிறகு அவன் தட்டவில்லை.

இதற்கிடையே அவள் வேறொன்று செய்துகொண்டிருந்தாள். நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் பின்புறம் கட்டம் போட்டு எதையோ குறித்தாள். பஸ் நேரம் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தபோது அது அவளுடைய நேரம். எத்தனை மணிக்கு உள்ளே போனாள், எத்தனை மணிக்கு வெளியே வந்தாள், எது வெளியே கொண்டுவந்தது. பஸ்களை இருபது வருடம் கவனித்த அதே கண்ணால் நாலு நாள் தன்னைக் கவனித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை, கடைசி நெல்லையும் காயவைத்து முடித்தவள் மாதிரி நிதானமாக வந்து, பாக் சுகெங்கின் மேசையில் வேறொரு கடிதத்தை வைத்தாள். கையால் எழுதியது. ஸ்டாம்ப் அவளே அஞ்சலகத்தில் வாங்கியது.

அவர் அதை வாய்விட்டுப் படித்தார். ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால் வரையும், மதியம் இரண்டிலிருந்து மூன்று வரையும் பஸ் நெருக்கம். அந்த நேரத்தில் பதிவேட்டைத் தொட மாட்டேன், பெட்டி தூக்குவேன், எண்ணுவேன், அடுக்குவேன். உடம்பு வேலை செய்யும்போது எனக்குத் தவறு வருவதில்லை. மற்ற நேரம் பதிவேடு. எண்ணை எழுதுமுன் பெட்டியில் விரல் வைத்து உரக்கப் படிப்பேன், எதிரில் ஒருவர் பார்த்து டிக் போட வேண்டும். குறிப்பேடு என் மேசையில் இருக்கும். ஒரு வண்டிக்கு ஒரு வரி. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டக் கூடாது. என் முன்னால் ஒரு தாளை வைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்க வேண்டும், நான் வந்துவிடுவேன். பஸ்களை நினைப்பதை நிறுத்த மாட்டேன்.

கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு.

"நானுமா?" என்றார் பாக் சுகெங்.

"தாளை வெச்சுட்டு நிக்கறது நீங்கதானே, பாக்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமையகத்துக் கோப்பில் முதல் கடிதம் இருந்தாக வேண்டும் என்றார். பிறகு, தனக்கே நல்ல யோசனை தோன்றிய முகத்தோடு, அதிலும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு, அது கோப்புக்கு. வேலையை உன் கடிதப்படியே நடத்திக்கொள்வோம் என்றார். எங்கள் ஊரில் எல்லாப் பிணக்கும் இப்படித்தான் தீரும். யாருக்கும் முகம் கறுக்காது. பிரிஹாதி தலையாட்டினான். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"ரெண்டுல ஒண்ணுதான் நிசம்," என்றாள் வினார்சி. "பொய்யா இருக்கறதுல என் பேரு இருக்காது. வேலை போனா போகட்டும்."

தன் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உன்னாலதான் அன்னைக்கு அவ்வளவும் ஆச்சு. அதை மறந்துட்டியா?" அவர் முதல்முறையாகக் கொஞ்சம் சூடானார்.

"மறக்கல. அதனாலதான் மறுபடி ஆகாத மாதிரி எழுதியிருக்கேன். உங்க லெட்டர்ல அது எங்க இருக்கு?"

அப்போது நான் பேசினேன். ஏன் பேசினேன் என்று தெரியவில்லை. அந்த அலுவலகத்தில் யாரும் கேட்காமல் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எல் 7482 என்று அவள் எழுதினாள், சரி. அதைக் கணினியில் ஏற்றியது நான். ஊர்க் கட்டம் காலியாக இருந்ததையும் பார்த்தேன், அப்படியே ஏற்றினேன். என் தலைக்குள் பஸ் எதுவும் ஓடவில்லை. ஒன்றுமே ஓடவில்லை. என்னிடம் யாரும் ஸ்டாம்ப் நீட்டவில்லையே என்றேன்.

பாக் சுகெங் என்னைப் பார்த்தார். இப்படி ஒருவன் இங்கே உட்கார்ந்திருப்பதை அன்றுதான் கண்டவர் போலப் பார்த்தார். ஒன்பது அடித்தது. வினார்சி பதிலுக்குக் காத்திருக்காமல் பதிவேட்டை மூடிவிட்டுப் பெட்டிகளிடம் போனாள். கையெழுத்து விழாத கடிதம் மேசையில் கிடந்தது. அவள் பாட்டுக்கு உப்புக்கரைசல் பெட்டிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டிகள் போயின. ஒவ்வொன்றுக்கும் அவள் உதடு அசைந்தது, எண்ணிக்கை தவறவில்லை. ஒன்பதே முக்காலுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பதிவேட்டைத் திறந்தாள். பெட்டியில் விரல் வைத்து உரக்கப் படித்தாள். எதிரில் போய் நின்று டிக் போட்டேன்.

பகல் தொழுகைக்குக் கிளம்பும்போது பாக் சுகெங் தொப்பியை ஒரு கையில் பிடித்தபடி, நின்றவாக்கிலேயே அவள் கடிதத்து ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டார். தான் தட்டச்சு செய்த கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இழுப்பறைச் சாவியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மே மாதம் செமாராங்கிலிருந்து அதிகாரி வந்தார். கோப்பைப் புரட்டியவர் முகம் சுருங்கியது. வேலைக்காரியிடம் பொறுப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, இது என்ன கூத்து என்றார். பாக் சுகெங் ஏப்ரல் மாதப் பதிவேட்டை எடுத்து அவர் முன் வைத்தார். பிழை இருந்தால் காட்டுங்கள் என்பது போல. அதிகாரி அரைமணி நேரம் தேடினார். பிறகு வினார்சியைக் கூப்பிட்டார்.

"இப்போ பஸ் ஞாபகம் எல்லாம் வர்றதில்லைல்ல?"

"வருது, பாக்."

"வேலை நேரத்துலயுமா?"

"வேலை நேரத்துலயும்தான். இப்ப நீங்க பேசறதைக் கேட்டுட்டிருக்கேன். நீங்க போனதும் நினைப்பேன்."

பிரிஹாதி இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். ஆறு மாதம்தான், அதற்கு மேல் இல்லை. அவள் நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டாள். அதிகாரி கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி, கடிகாரத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக நின்றார். நாற்காலி என் பக்கத்தில்தான் இருந்தது. நான் அவருக்கு எடுத்துப் போடவில்லை.