மருதையன் வீட்டுத் தம்ரூட்

என் அம்மா வடிவாம்பாளுக்குக் கோபம் வர ஒரு கெட்டுப்போன முறுக்கு போதும். தருமபுரத்தில் எங்கள் தெருவில் பலருக்குத் தீபாவளி முடிந்து நாலாம் நாள்தான் தர்மசிந்தை வரும். சிக்கடித்த முறுக்கைப் பேப்பரில் சுருட்டித் தபால்காரர், சிலிண்டர் போடுபவர், குப்பை வண்டிக்காரர் தலையில் கட்டுவார்கள். அதைப் பார்த்தால் அம்மா நடுத்தெருவிலேயே கேட்டுவிடுவாள். இதனால் பக்கத்து வீட்டாரோடு எங்களுக்கு இரண்டு வருஷம் பேச்சு இல்லை. எங்கள் வீட்டில் முதல் ஈடு அதிரசம் சாமிக்கு, இரண்டாவது தபால்காரர், குப்பை வண்டிக்காரர் போன்றவர்களுக்கு. அதற்கப்புறம்தான் நாங்கள்.

2006 தீபாவளிக்கு விடாத மழை. பேப்பரில் மடித்தால் கூழாகிவிடும் என்று, குப்பை வண்டி தள்ளும் மருதையனுக்கு மட்டும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். பலகாரம் போன பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. அந்த வழக்கம் மருதையன் வீட்டிலும் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து நாலைந்து நாளில் வந்த ரம்ஜானுக்கு மறுநாள் டப்பா திரும்பி வந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் சதுரத் துண்டுகள், மேலே முந்திரி. தம்ரூட் என்றார் மருதையன். டவுனில் ஹமீது பாய் வீட்டில் சமையலுக்கு ஒத்தாசை செய்யும் அவர் மனைவி, அங்கே பார்த்துப் பழகி, தன் வீட்டு அடுப்பில் முதல்முறையாகச் செய்ததாம்.

“எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வரச் சொல்லிச்சும்மா. நாளைக்குச் சொல்லுங்க.”

அதற்கு முன் அப்படி ஒன்றை நாங்கள் தின்றதில்லை. ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்து வெந்த வாசனை. அல்வா என்றும் சொல்ல முடியாது, கேக் என்றும் சொல்ல முடியாது. அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். நான் மூன்று தின்றேன்.

சாயங்காலம் அப்பா தெட்சிணாமூர்த்தி ஆபீஸிலிருந்து வந்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். அம்மா சொன்னதும், முட்டை போட்டதா என்றார். என் பிறந்தநாளுக்குப் பேக்கரி கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுப்பவர் அவர். அதில் மட்டும் முட்டை இல்லையா என்று அம்மா கேட்டாள். வார்த்தை முற்றியது. அப்பா டப்பாவை எடுத்துப்போய் வாசல் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, டப்பாவைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். அவருக்கு முட்டை ஒரு சாக்கு. அது யார் வீட்டு அடுப்பு என்பதுதான் விஷயம். நானும் தின்றேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா மேல் வந்ததைவிட என் மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அந்தத் தொட்டியை அள்ளப்போவது யார் என்று, கோபத்தில் இருந்த மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. காலையில் வண்டி மணி கேட்டபோதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

மருதையன் அதற்குள் தொட்டியைக் கவிழ்த்திருந்தார். டீத்தூளுக்கு மேலே முந்திரியோடு கிடந்தன துண்டுகள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் தின்னேன் மருதையன். எம்பொண்ணும் தின்னா. ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “இருக்கட்டும்மா. நல்லா இருந்துச்சுன்னே வீட்டுல சொல்லிடுறேன்.”

சத்தியமாக நன்றாக இருந்தது. அதை இனிமேல் அவர் நம்பும்படி சொல்ல அம்மாவுக்கு வழியே இல்லை. வண்டி பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தது.

அம்மா உள்ளே வந்தாள். அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காபி கேட்டார். அவள் பேப்பரை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தாள்.

“நாளையிலேருந்து குப்பைய நீங்களே எடுத்துட்டுப் போயி அவரு கையில குடுங்க. மூஞ்சியப் பாத்துக் குடுங்க.”