மேல எரியுது

எங்கள் கண்ட்ரோல் ரூமில் யாரும் சிவப்பு என்று சொல்ல மாட்டோம். "மேல எரியுது" என்போம். மஞ்சளுக்கு "நடு", பச்சைக்குக் "கீழ". புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரம் திருதிருவென்று முழிப்பார்கள், அடுத்த வாரம் அவர்களும் அப்படியே பேசத் தொடங்கிவிடுவார்கள். இதை யார் ஆரம்பித்தது, எதற்கு ஆரம்பித்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பழைய அறையை மூடிப் புது அறை கட்டியபோதுதான் தெரியவந்தது.

திண்டுக்கல் ரோட்டில், பரவைக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகம். பல ஊர்களில் கிளையும் குடோனும் வைத்திருக்கிற கம்பெனிகளுக்காக இரவு பகலாகக் கண்காணிக்கிற வேலை. மாடியில் ஓர் அறை கம்ப்யூட்டர், நெட்வொர்க் பார்க்கிறவர்களுக்கு. கீழே எங்கள் அறை, கேமராவும் கதவு அலாரமும் பார்க்க. கீழறையில் ஒரு ஷிப்டுக்கு நான் பொறுப்பு. சுவரில் பழைய இரும்பு போர்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு கிளைக்கும் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று பல்புகள். மேலே சிவப்பு எரிந்தால் ஆபத்து, நடுவில் மஞ்சள் என்றால் என்னவென்று பார், கீழே பச்சை என்றால் நிம்மதியாக டீ குடிக்கலாம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதன் ஓரங்களில் காய்ந்து கிடக்கும்.

ஒரு கிளையில் கரண்ட் போனால் மாடியில் "நெட் போச்சு" என்பார்கள், கீழே நாங்கள் "கேமரா போச்சு" என்போம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கிளையின் ஒரே வாட்ச்மேனுக்குப் போன் போடுவோம். பாவம், அந்த மனிதர் மெழுகுவர்த்தியைத் தேடுவாரா, எங்களுக்குப் பதில் சொல்வாரா? அதனால்தான் இரண்டு அறைகளையும் ஒன்றாக்கி, ஒரே பெரிய திரையில் எல்லாவற்றையும் காட்டுவது என்று முடிவானது. நியாயமான முடிவுதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மற்றதில் எல்லாம் குறை சொன்னேன். மிஷன் பள்ளிக்கூட டீச்சரின் மகள் நான், தப்பைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. ஏசி நேராகக் கழுத்தில் அடிக்கிறது என்றேன், திருப்பி வைத்தார்கள். ஒப்புக்கொண்ட நாற்காலி நீலம், வந்து இறங்கியதோ பச்சை கலந்த ஒரு நிறம். "இது நீலம்தான் மேடம்" என்று சாதித்தார், அறையை வடிவமைத்த சென்னை இன்ஜினியர். நாற்காலி உறையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அத்தனை நாற்காலியும் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. அன்றிலிருந்து அந்த இன்ஜினியர் என்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார்.

என் ஷிப்டில் மூத்தவர் ஓர் அண்ணன். சொந்தத் தம்பி தங்கைபோல நாங்கள் எல்லோருமே அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். எழுமலைக்காரர். வேலை நாட்களில் செல்லூரில் மச்சினன் வீட்டில் தங்குவார், லீவுக்கு ஊருக்குப் போவார். நாலு பேர் முன்னால் என்னை மேடம் என்பார், டீக்கடையில் "ம்மா" என்பார். புது அறைக்குப் போகுமுன் எல்லோரும் புதுத் திரையில் பயிற்சி எடுக்க வேண்டும், கடைசியில் ஒரு டெஸ்ட் வைப்பார்கள். தேறாதவர்களுக்குக் கேட் டியூட்டி. கேட் வேலை கேவலமில்லை. ஆனால் வெயிலில் நாள் முழுக்க நிற்க வேண்டும், அண்ணனுக்கோ முழங்கால் மோசம். அப்படிப்பட்டவர் பயிற்சிக்கு மட்டும் வரவே இல்லை. முதல் தடவை முழங்கால் வலி என்றார். அடுத்த தடவை மச்சினன் வீட்டில் காதுகுத்து. அதற்கும் அடுத்த தடவை இன்னொரு காதுகுத்து.

"அண்ணே, செல்லூர்ல இன்னும் குத்தாத காது எதுவும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு சரியாக இல்லை.

ஒரு மத்தியானம், இன்ஜினியர் சாப்பிடப் போயிருந்த நேரம், நானே அண்ணனைப் புது அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். சுவர் முழுக்கத் திரை. அதில் தமிழ்நாட்டு வரைபடம், கிளைக்கு ஒரு புள்ளி. எல்லாம் நன்றாக இருந்தால் பச்சைப் புள்ளி, பிரச்சினை என்றால் அதே புள்ளி சிவப்பாகும். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பயிற்சிக்கான பொய் அலாரம் ஒன்றைத் தட்டிவிட்டு, "எந்த ஊருண்ணே?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று தேடுகிறார் எனப் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அண்ணே, அங்க பாருங்க. என்னைய ஏன் பாக்குறீங்க?"

"எம்புட்டு நேரம் பாத்தாலும் ஒண்ணுதாம்மா. எனக்கு எல்லாமே ஒரே புள்ளியாத்தான் தெரியுது."

"கண்ணாடி மாத்தணுமோ?"

"கண்ணாடி இல்லம்மா. பொறந்ததுலேருந்தே எனக்கு அந்த ரெண்டு கலரும் பிரியாது." மாற்றி வந்திருந்த நீல நாற்காலி ஒன்றில் மெதுவாக உட்கார்ந்தார். "மிலிட்டரிக்கு ஆளெடுத்தப்பப் போனேன். ஓடுனேன், தாண்டுனேன், அம்புட்டுலயும் பாஸு. கடைசியில ஒரு புஸ்தகத்த விரிச்சாங்க. பூராம் புள்ளி. அதுக்குள்ள என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டாங்க. எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுச்சு. போயிட்டு வாப்பான்னுட்டாங்க. ஊர்ல வந்து முழங்கால்ல கோளாறுன்னு சொல்லிட்டேன். எம் பொண்டாட்டிக்கும் அதான் தெரியும். அன்னிக்குச் சும்மா சொன்ன முழங்கால் இப்ப நெசமாவே வலிக்குது, அது வேற கதை."

பொய் அலாரத்தை நிறுத்தினேன். அவரே தொடர்ந்தார். "அந்தப் பழைய போர்டு என்னைய ஒண்ணும் கேக்காதும்மா. மேலயா கீழயான்னு பாத்தாப் போதும். இப்பத் திரும்பவும் புள்ளியக் கொண்டாந்து வச்சிட்டாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேல, நடு, கீழ. அவர் பிழைப்பதற்காகக் கண்டுபிடித்த பேச்சை இத்தனை வருஷம் அறை முழுக்கப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் மேல் கொஞ்சம், அந்தத் திரை மேல் நிறைய. அவர் எழுந்து, "யார்ட்டயும் சொல்லிராதம்மா. எப்பிடியாச்சும் சமாளிச்சுக்கிறேன்" என்றார். எப்படிச் சமாளிப்பார்? நிஜமாகவே ஒரு குடோனில் பூட்டை உடைக்கிற நேரத்தில் என் கண்ணைத் தேடிக்கொண்டா இருப்பார்? சொன்னால் மனிதரின் வேலை போகிறது, சொல்லாவிட்டால் எங்கோ ஒரு வாட்ச்மேனின் தலை போகிறது.

மறுநாள் இன்ஜினியரிடம் போய், புள்ளிக்குப் பதிலாக வடிவம் மாறுகிற மாதிரி வைக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்டேன். சிவப்புக்கு ஒரு வடிவம், பச்சைக்கு வேறொன்று. "முடியும் மேடம். ஆனா டிசைன்ல கையெழுத்து ஆயிடுச்சு. மேனேஜர் சொன்னாத்தான் கை வைக்க முடியும்" என்றார். சரி, மேனேஜரிடமே கேட்போம் என்று அந்த வாரக் கூட்டத்தில் எழுந்தேன். மாடி ஆட்கள், கீழறை ஆட்கள், இன்ஜினியர் என எல்லோரும் இருந்தார்கள். அண்ணன் கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. திறப்பு நாள் நெருங்குகிற பதற்றத்தில் இருந்தார். "இப்பப் போயி மாத்தச் சொன்னா எப்பிடிம்மா? அம்புட்டுப் பேருக்கும் நல்லாத்தான தெரியுது. யாருக்குத் தெரியலைன்னு சொல்லுங்க, பாப்போம்."

வாயில் வந்ததைச் சொன்னேன். "எனக்குத்தான் சார் தெரியல. செவப்பும் பச்சையும் குழம்புது."

இன்ஜினியர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "மேடம், நாற்காலியில கொஞ்சூண்டு பச்சை கலந்திருக்குன்னு ஒரு லாரி நாற்காலியத் திருப்பி அனுப்புனது நீங்கதானே?"

சிரிப்பு வெடித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அது வேறு வெளிச்சம், இது வேறு வெளிச்சம் என்று என்னவோ உளறினேன். மேனேஜரின் சிரிப்பு அடங்கி, "என்னம்மா இது, வெளையாட்டா?" என்று கேட்டபோது குரல் மாறியிருந்தது. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"மேடத்த ஒண்ணும் சொல்லாதீங்க சார். அது எனக்குத்தான்."

அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைத் திருகியபடியே, என்னிடம் சொன்ன எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். மிலிட்டரி, புஸ்தகம், புள்ளி. முழங்காலை மட்டும் விட்டுவிட்டார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. "அப்ப, மேல எரியுதுங்குறது..." என்று யாரோ ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டார்கள்.

மேனேஜர் கேட்டார். "இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பீங்கள்ல சார்."

மேனேஜர் மேசையைப் பார்த்தார். மறுக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "எப்பவாச்சும் அலாரத்த விட்டிருக்காரா?" என்றார். "இல்ல சார்" என்றேன். இன்ஜினியரிடம், "மாத்திருங்க" என்றார். அண்ணனிடம், "டெஸ்டு எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுல தேறலைன்னா கேட்டுதான். அதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அண்ணன் உட்கார்ந்தார்.

இன்ஜினியர் அன்றே வேலையை ஆரம்பித்தார். இனி சிவப்பு என்றால் முக்கோணம், மஞ்சள் என்றால் கட்டம், பச்சை மட்டும் வட்டம். கூடவே திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல், அவசரமானது தானாக மேலே ஏறிவிடும். அந்தப் பட்டியலை யாரும் கேட்கவில்லை, அவராகவே வைத்தார். நாற்காலி விஷயத்தில் அவர் மேல் இருந்த கோபத்தை அன்று விட்டேன்.

டெஸ்டுக்கு முந்தின நாள் டீக்கடையில் அண்ணன் சொன்னார். "வீட்ல சொல்லிட்டேன்மா. அவ அசரவே இல்ல. கல்யாணச் சேல அரக்கு. அதப் பாத்துட்டு நான், நல்ல எலக்கலருன்னு சொன்னேனாம். அப்பவே தெரியும்குறா."

"அப்பப் பிடிச்சு வாயே தொறக்கலையா அவங்க?"

"நானாச் சொல்லட்டும்னு இருந்தாளாம்."

டெஸ்ட் அன்று காலை அவர் முறை வந்தது. மேனேஜர் ஒரு பக்கம், இன்ஜினியர் இன்னொரு பக்கம். நாங்கள் பின்னால் நின்றோம். விதி என்னவென்றால், ஊரையும் நிறத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் அலாரம் வந்தது. அண்ணன் முன்னால் குனிந்தார். முக்கோணத்தைப் பார்த்துவிட்டார் என்பது அவர் தோள் இறங்கியதிலேயே தெரிந்தது.

"உசிலம்பட்டி குடோன்" என்றார்.

"கலர்?" என்றார் மேனேஜர்.

பழக்கத்தில் "மேல" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"செவப்பு" என்றார் அண்ணன்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்தடுத்து ஒவ்வோர் ஊராகக் குறி மாறியது. செவப்பு, மஞ்ச, செவப்பு, பச்ச என்று ஒன்றும் விடாமல் சொன்னார், போகப் போகக் குரல் உயர்ந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஏசி கண்ணில் அடிக்கிறது என்று இன்ஜினியரிடம் சிடுசிடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணனும் பின்னாலேயே வந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே படியில் உட்கார்ந்தார்.

"இப்பவும் எனக்கு அது செவப்பாத் தெரியலம்மா" என்றார். "ஆனா செவப்புன்னு சொன்னேன்ல."